‘படித்ததில் பிடித்தது’ என்று போடும் முன்

மதுரையில் ஒரு கிளை நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தொகுப்பு அனுப்புகிறேன். பழைய பாட்டு ஒன்று, பழைய படம் ஒன்று, அந்த வாரம் இணையத்தில் நான் வாசித்த நல்ல கட்டுரை இரண்டு மூன்று, அவ்வளவுதான். தமிழாசிரியர்கள் 300 பேர் வரை வாங்குகிறார்கள். பலர் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதை வாசிக்கிறார்கள், கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நான் ஒரு பெயரை மாற்றிப் போட்டால் அது பிள்ளைகளின் நோட்டு வரைக்கும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். அவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொகுப்பவருக்கு இரண்டு வேலை. இது யாருடையது என்று சொல்ல வேண்டும்; இது சரிதானா என்று பார்க்க வேண்டும். முதலில் இரண்டையும் வேறு வேறாக நினைத்திருந்தேன். செய்யச் செய்ய இரண்டும் ஒரே வேலைதான் என்று புரிந்தது. எழுதியவர் பெயரைத் தேடிக்கொண்டு மூலம் வரை நடந்து போனால், பிழை வழியிலேயே கையில் அகப்பட்டுவிடுகிறது.

‘நன்றி: வாட்ஸ்அப்’, ‘நன்றி: முகநூல்’, ‘நன்றி: இணையம்’, ‘படித்ததில் பிடித்தது’. இவை எதுவும் நன்றி ஆகாது. கடிதம் எழுதியவரை விட்டுவிட்டுத் தபால்பெட்டிக்கு வணக்கம் வைப்பது மாதிரிதான். தேடி எடுக்கும் சிரமத்தைத் தவிர்க்கத்தான் இப்படிப் போடுகிறோம். அந்தச் சிரமம் பெரும்பாலும் பத்து நிமிடம்தான்.

மேற்கோள் வந்தால்

ஒரு நல்ல வரி கண்ணில் பட்டதும் அதன் முன்வரியையும் பின்வரியையும் பார்க்காமல் நான் எடுப்பதில்லை. இதைக் கற்றுக்கொடுத்தது பாரதியார் பெயரில் ஓயாமல் சுற்றும் ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்ற வரி. பாரதியே தமிழ் செத்துவிடும் என்று சொல்லிவிட்டார் என்று மேடையில்கூடப் பேசுகிறார்கள். ‘தமிழ்த்தாய்’ பாட்டை எடுத்து அடுத்த வரிகளைப் பாருங்கள். ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்று வரும். அப்படிச் சொன்னவனைப் பேதை என்கிறார் பாரதி. இந்த வசை எனக்கு வரலாமா என்று தமிழ்த்தாய் குமுறுகிறாள். ‘சென்றிடுவீர் எட்டுத் திக்கும்’ என்ற புகழ்பெற்ற அழைப்பும் இதே பாட்டில்தான் இருக்கிறது. வரியில் பிழை இல்லை, பெயரிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த மேற்கோள் பொய்.

பெயர் மாறிப்போகும் வகை இன்னொன்று. ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ என்றதும் நமக்கு அண்ணா நினைவுக்கு வருவார். அவர் அதை ஊரெங்கும் கொண்டுபோனார் என்பது உண்மை. வரி திருமூலருடையது, ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்று திருமந்திரத்தில் இருக்கிறது. அப்போது இரண்டு பேரையும் சொல்ல வேண்டும்: எழுதியவர் திருமூலர், நம் காலத்தில் பரப்பியவர் அண்ணா. ஒருவர் பெயரைப் போட்டு மற்றவரை அழிப்பது சரியில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’. அன்னதானக் கூடங்களில் எழுதி, கீழே மணிமேகலை என்று போட்டிருப்பார்கள். பாத்திரம் பெற்ற காதையில் அது இருக்கத்தான் செய்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிவந்தேன். ஒரு நாள் முழு வரியைத் தேடியபோது புறநானூறு 18ஆம் பாட்டில் அதே வரி கிடைத்தது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசுகிறார். பேச்சு அன்னதானம் பற்றியதே இல்லை. நீரைத் தேக்கி நிலத்தோடு சேர்க்கச் சொல்கிறார். உணவு என்பது நிலமும் நீரும் என்கிறார். மணிமேகலையில் அட்சயபாத்திரத்துக்காக வந்த அதே சொற்கள், புறநானூற்றில் குளம் வெட்டச் சொல்லும் சொற்கள்! மூலத்தைத் தேடிப் போனால் இப்படி ஒரு புதையலும் கிடைக்கும். பிழை திருத்துவதற்காக மட்டும் இதைச் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

தேடும் முறை இதுதான். வரியை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டால் பல சமயம் ஒன்றும் வராது. ஒரு தளத்தில் ‘உயிர்கொடுத்தோரே’ என்று சேர்த்திருப்பார்கள், இன்னொன்றில் ‘உயிர் கொடுத்தோரே’ என்று பிரித்திருப்பார்கள். அதனால் வரியில் அரிதாக வரும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து, சேர்த்து ஒரு முறையும் பிரித்து ஒரு முறையும் தேடுங்கள். கிடைத்ததும் யாரோ ஒருவரின் பதிவில் நின்றுவிடாமல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்துக்கோ மதுரைத் திட்டத்துக்கோ போய்ப் பாட்டைத் திறந்து பாருங்கள். மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவருகிறார்கள். எந்தப் பதிப்பைப் பார்த்து ஏற்றினார்கள், யார் தட்டச்சு செய்தார்கள், யார் பிழை பார்த்தார்கள் என்று முகப்பிலேயே இருக்கும். அதைக் கவனித்துப் படியுங்கள். நன்றி சொல்வது எப்படி என்பதற்கு அதுவே பாடம். ஈழத்து நூல்கள், இதழ்கள் என்றால் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே உள்ள இணையதளத்தில் முதலில் பாருங்கள். பழைய இதழின் பக்கமே வருடியெடுத்த படமாகக் கிடைக்கும்.

எண் போட்டு வரும் மேற்கோளைச் சோதிப்பது இன்னும் எளிது. திருக்குறள் 1330, புறநானூறு 400. ‘புறநானூறு 432’ என்று ஒன்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. அந்த எண்ணைப் போட்டு ஒரு வரி வந்தாலும் சந்தேகப்படுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு செயலிகளிடம் கேட்டு எண் போடுகிறவர்கள் அதிகம். பாட்டும் எண்ணும் ஒட்டாமல் வருவதை நானே பலமுறை பார்த்துவிட்டேன். செயலி சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு நூலைத் திறந்து பார்க்கலாம், அதில் தவறில்லை. திறக்காமல் போடக்கூடாது.

திருக்குறள் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறளுக்குக் கீழே பொருள் போடும்போது அது யார் உரை என்று போடுங்கள். வள்ளுவர் பெயரைப் போட்டாயிற்றே என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்தப் பொருளை வார்த்தை வார்த்தையாக எழுதியவர் மு. வரதராசனாராக இருப்பார், சாலமன் பாப்பையாவாக இருப்பார். உரையும் ஒருவர் எழுதியதுதான். பரிமேலழகர் உரை வேறு, மணக்குடவர் உரை வேறு. பெயர் இல்லாவிட்டால் வாசிக்கிற பிள்ளைக்கு அந்த வேறுபாடு இருப்பதே தெரியாமல் போகும்.

உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் முன்னுரைகளை நூலகத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எடுத்து வாசிப்பேன். 1894இல் புறநானூறு அச்சிட்டபோது, எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். ஏட்டுக்கு ஏடு சொல் மாறினால் பாடபேதம் என்று குறித்திருக்கிறார். ஊர் ஊராக அலைந்து தேடியவரே தனக்கு ஏடு தந்தவரைச் சொல்லாமல் விடவில்லை. விரலால் தொட்டு நகலெடுக்கிற நாம் சொல்லாமல் விடலாமா?

படம் வந்தால்

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். திருமலை நாயக்கர் மகாலின் பழைய படம் ஒன்று வந்தது. மூலையில் ஒரு பக்கத்தின் பெயர் வாட்டர்மார்க்காக இருந்தது; ‘1920இல் மதுரை’ என்று குறிப்பும் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நன்றி போட்டு அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் ஓர் ஆசிரியர் எழுதினார்: ‘அம்மா, படத்தில் மகால் இடிந்து கிடக்கிறதே, 1920இல் அப்படியா இருந்தது?’

அவர் கேட்டது சரி. மகாலைப் பழுதுபார்க்கும் வேலை நேப்பியர் பிரபு மதராஸ் ஆளுநராக இருந்த காலத்தில், அதாவது 1866க்கும் 1872க்கும் இடையில் தொடங்கியது. சுவர் சிதைந்த நிலையில் இருக்கிறதென்றால் படம் அதற்கு முந்தையது. கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினேன். வாட்டர்மார்க் இல்லாத, பெரிய, தெளிவான படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில் இருந்தது. எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் மகாலையும் எடுத்திருக்கிறார். பெரிய காகித நெகட்டிவில், ஒவ்வொரு படத்துக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தவை. அந்த மனிதருடைய பெயரை விட்டுவிட்டு, 160 ஆண்டுகளுக்குப் பிறகு மூலையில் முத்திரை குத்தியவருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். அன்று மிகவும் வருந்தினேன். வாட்டர்மார்க் போட்டவர் வேறு, படம் எடுத்தவர் வேறு என்பதை அதன் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

அதனால் எந்தப் படம் வந்தாலும் முதலில் திருப்பித் தேடுங்கள், அதாவது படத்தையே கொடுத்து அது வேறெங்கே வந்திருக்கிறது என்று தேடுங்கள். கூகுள் லென்ஸில் ஒரு முறை, டின்ஐ தளத்தில் ஒரு முறை. டின்ஐயில் மிகப் பழைய பதிவை முதலில் காட்டும்படி வரிசைப்படுத்தலாம். அது பெரிய உதவி. ‘நேற்று பெய்த மழை’ என்று வரும் படம் ஆறு வருடத்துக்கு முன்பே இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. கிடைத்த படங்களில் அளவில் பெரியதையும், ஓரம் வெட்டப்படாததையும் தேடிப் போங்கள். மூலம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். விக்கிமீடியா பொதுவகத்தில் கிடைத்தால் எடுத்தவர், நாள், உரிமம் மூன்றும் படத்துக்குக் கீழேயே இருக்கும்.

தேடியும் கிடைக்காவிட்டால் படத்துக்குள்ளே பாருங்கள். நம் ஊர்ப் படங்களுக்கு நம் எழுத்தே சாட்சி சொல்லும். பழைய ‘லை’, ‘னை’, ‘ணை’ எழுத்துகளுக்கு முன்னால் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’ வேறு வடிவில் இருக்கும். தமிழ்நாடு அரசு 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 1955ஆம் ஆண்டு நாளிதழ்த் துண்டு என்று ஒன்று வந்து, அதில் இன்றைய ‘லை’ இருந்தால் நான் நிறுத்திவிடுவேன். ஒரு விலக்கு உண்டு: பெரியார் 1935லிருந்தே தம் ஏடுகளில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். ஆகவே எந்த ஏடு என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ரூபாய்க்கு இப்போதைய குறியீடு இருந்தால் 2010க்குப் பிந்தையது. வண்டியில் டி.என். என்று தொடங்கும் இன்றைய முறை எண் இருந்தால், அது எழுபதுகளின் சென்னை ஆகாது. கடைப் பலகையில் தமிழ் எழுத்து தமிழாகவே இல்லாமல் கோணல்மாணலாக இருந்தால், அந்தப் படம் கணினி வரைந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

செய்தி வந்தால்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று செய்தி பரவியது. எனக்கும் வந்தது. பண்ணை நிர்வாகமே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில், பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காணொலி வந்தது. பழைய அனுபவத்தில் ‘இதுவும் வதந்தி’ என்று தள்ளிவிடப் பார்த்தேன். அது உண்மை. அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதாக வனத்துறைச் செயலரே அப்போது விளக்கினார். நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்று நம் மனசைக் கேட்பதில் பயனில்லை என்று இந்த இரண்டு முதலைச் செய்தியும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. யாருக்கு நேரடியாகத் தெரியும்? பண்ணைக்குத் தெரியும், வனத்துறைக்குத் தெரியும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று போய்ப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அதை எழுதியவரை உங்களுக்கு அனுப்பியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

‘விஞ்ஞானிகள் வியந்தனர்’ வகைச் செய்திகளுக்கு எந்த, எப்போது, யார் என்ற மூன்று கேள்வி போதும். திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் சில நொடி நின்றுவிடுகிறது என்ற செய்தியில் எந்தச் செயற்கைக்கோள், எந்த நாள், எந்த விஞ்ஞானி என்று எதுவுமே இருக்காது. சனீஸ்வரரைக் கும்பிடுகிறவள்தான் நான். அந்தக் கோயிலுக்கு இந்தச் செய்தி தேவையில்லை.

பெருமையான செய்திக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நாம் விரும்புவதால் பார்க்காமல் அனுப்பிவிடுவோம். கீழடியைப் பற்றி வாய்க்கு வந்த ஆண்டுகளைப் போட்டுப் பதிவுகள் வருகின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைத் திறந்து பாருங்கள், தமிழிலேயே இருக்கிறது. அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவில் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று வந்தது. எந்த ஆய்வகம், எவ்வளவு ஆழம், எந்த மாதிரி என்று சொல்லும்போது செய்திக்கு எத்தனை பலம் வருகிறது பாருங்கள். அதையும் நாமே 5,000 ஆண்டாக ஊதிவிட்டால், எதிர்த்துப் பேசுகிறவருக்கு வேலையை எளிதாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

பெயர் போடும் முறை

நான் போடும் குறிப்பில் நான்கு செய்தி இருக்கும்: யார் படைத்தது, எப்போது, மூலம் எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டியது யார். கடைசியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் பத்து நாள் தேடி எடுத்துப் போட்டதைப் பார்த்துத்தான் நாம் மூலத்துக்கே போயிருப்போம். மகால் படத்தை இப்போது போட்டால் இப்படிப் போடுவேன்:

‘திருமலை நாயக்கர் மகால், மதுரை. படம்: லின்னேயஸ் டிரைப், 1858. மூலப்பிரதி: பிரிட்டிஷ் நூலகம், லண்டன். ஆண்டைச் சரிபார்க்கத் தூண்டியவர்: ஓர் ஆசிரியர் (பெயர் வேண்டாம் என்றார்).’

குறிப்பு படத்துக்கு ஒட்டிக் கீழேயே இருக்கட்டும். தொகுப்பின் கடைசியில் மொத்தமாகப் போட்டால், படத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பும்போது பெயர் அறுந்துபோகும்.

நன்றி போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாரதியார் 1921இல் காலமானார். அவர் பாட்டை முழுதாகப் போடலாம். அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளையும் போடலாம். அங்கும் பெயர் கட்டாயம். வாழும் கவிஞரின் எட்டு வரிக் கவிதையை முழுவதும் எடுத்துப் போட்டுவிட்டால் வாசகர் அவர் புத்தகத்துக்கு ஏன் போகப் போகிறார்? இரண்டு வரி போட்டு இணைப்புக் கொடுங்கள். முழுவதும் வேண்டுமென்றால் கேளுங்கள். நான் இப்படிக் கேட்பேன்: ‘வணக்கம் ஐயா. ஆசிரியர்கள் 300 பேருக்கு வாரம் ஒரு தொகுப்பு இலவசமாக அனுப்புகிறேன். தங்கள் கவிதையை அதில் சேர்க்க அனுமதிப்பீர்களா? பெயரையும் முன்னெழுத்தையும் எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.’ இதுவரை மறுத்தவர்கள் மிகக் குறைவு. முன்னெழுத்தைக் கேட்டதற்காகவே நன்றி சொன்னவர்கள் உண்டு.

இணைப்புகள் அடிக்கடி செத்துப்போகும். அனுப்பும் நாளன்றே, இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. அதோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: நாள், என்ன எடுத்தேன், எங்கிருந்து, எதை வைத்துச் சரிபார்த்தேன். யாராவது கேட்டால் பதில் அதில் இருக்கும். எவ்வளவு தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், ‘எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை, இந்த நாளில் இன்ன இடத்தில் பார்த்தேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று எழுதுவேன். ஆண்டோ செய்தியோ உறுதியாகவில்லை என்றால் அந்த வாரம் அதைப் போடுவதில்லை. தொகுப்பு சின்னதாகப் போனால் போகட்டும்.

தவறு நேர்ந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். தவறைப் பார்த்தவர்கள் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த தொகுப்பின் முதல் வரியாக, ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, என்ன தப்பு, எது சரி, யார் சுட்டிக்காட்டினார் என்று எழுதுங்கள்.

இதிலெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, பள்ளிக்கூடம் திறக்கும் நாளைப் பற்றிப் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை எழுதினாள். சிறு பத்திரிகை ஒன்றில் வந்தது. சில ஆண்டு கழித்து அது அவள் செல்பேசிக்கே வந்து சேர்ந்தது. கீழே பிரபலமான வேறொருவர் பெயர். அவள் என்னிடம் வந்து, ‘இது நான் எழுதினதுதானேடி?’ என்று கேட்டாள். தன் வரியைப் பற்றியே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நூலகத்தின் பழைய இதழ்க் கட்டை அவிழ்த்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் இப்போது இல்லை.

ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கவிதை மறுபடி கிளம்பிவிடும். யார் போட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இதழ்ப் பக்கத்தின் படத்தை அனுப்பி, பெயரை மாற்றச் சொல்லி மரியாதையாக எழுதுகிறேன். இந்த ஆண்டு நான்கு பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் அன்றே மாற்றிவிட்டார்கள்.